பின்சக்கரத்தில் கம்பி முறிந்துகொண்டே இருக்கிறது: புதுச் சக்கரம் வாங்குவதா, அவிழ்த்துக் கட்டுவதா?

கெடிலக்கரை:

அனைவருக்கும் வணக்கம். என் எடை 112 கிலோ. கடலூர் மஞ்சக்குப்பத்திலிருந்து புதுச்சேரிக்கு வாரத்தில் ஐந்து நாள் மிதிவண்டியில் வேலைக்குப் போய்வருகிறேன். ஒரு வழிக்கு ஏறக்குறைய 22 கிலோமீட்டர். வண்டி 700சி ஹைப்ரிட். பின்சக்கரத்தில் 32 கம்பி, 7 ஸ்பீடு ஃப்ரீவீல் (சக்கரத்தின் நடுவில் உள்ள ஹப்பில் திருகி மாட்டும் பல்சக்கரத் தொகுதி), 38 மில்லிமீட்டர் டயர், வி-பிரேக். ஒன்றரை ஆண்டு எந்தத் தொல்லையும் இல்லை. கடந்த இரண்டு மாதத்தில் மட்டும் பின்சக்கரத்தில் நான்கு ஸ்போக்ஸ் கம்பிகள் முறிந்துவிட்டன. ஒவ்வொரு முறையும் ஒரு கம்பியைப் போட்டுப் பெண்டு எடுத்து ஓட்டுகிறேன். இருபது நாள் ஆவதற்குள் அடுத்த கம்பி போய்விடுகிறது. சென்ற வியாழக்கிழமை கிருமாம்பாக்கம் தாண்டியதும் முறிந்தபோது ரிம் (சக்கரத்தின் வெளி வளையம்) கோணலாகி, பிரேக் கட்டையில் மாட்டிக்கொண்டது. பின் பிரேக்கையே கழற்றிவிட்டு மெதுவாக வீடு வந்து சேர்ந்தேன்.

"உங்கள் எடைக்கு இந்த வண்டி தாங்காது, மோட்டார் வண்டிக்கு மாறிவிடுங்கள்" என்று கடையில் சொன்னார்கள். இந்த ஒன்றரை ஆண்டில் 14 கிலோ குறைத்திருக்கிறேன். வண்டியை விடுவதாக இல்லை. ஆயத்தமாகக் கிடைக்கும் புதுச் சக்கரத்தை வாங்கிப் போடுவதா, இருப்பதை அவிழ்த்துப் புதுக் கம்பிகளோடு கட்டச் சொல்வதா என்று அனுபவமுள்ளவர்கள் சொல்ல வேண்டும்.

உப்பளம்72:

நண்பரே, தயங்காமல் புதுச் சக்கரம் வாங்குங்கள். 36 கம்பி, இரட்டைச் சுவர் அலுமினிய ரிம் என்று கேட்டு வாங்கினால் போதும். அவிழ்த்துக் கட்டுவது கேட்பதற்கு நன்றாக இருக்கும். நடைமுறையில் சரியான நீளத்தில் கம்பி தேட வேண்டும், அதன் பிறகு பொறுமையாகக் கட்டத் தெரிந்த கை கிடைக்க வேண்டும். ஒரு கம்பியை மாற்றிக் கோணலை நிமிர்த்தித் தருபவர்கள் தெருவுக்குத் தெரு இருக்கிறார்கள். வெறும் ஹப்பிலிருந்து தொடங்கி முழுச் சக்கரம் கட்டுபவர்கள் இரண்டு ஊரிலும் அரிதாகிவிட்டார்கள். நான் இரண்டு முறை கட்டக் கொடுத்து, இரண்டு முறையும் ஒரு மாதத்தில் நெளிந்து, பணமும் நேரமும் போனதுதான் மிச்சம்.

வண்ணாரப்பாளையத்தான்:

கட்டுபவர்கள் அரிது என்பது உண்மை. இல்லவே இல்லை என்பது உண்மையன்று. பதினேழு வயதில் கற்றுக்கொண்ட வேலையை இன்றும் செய்கிறேன். தம்பி, உங்கள் சக்கரத்தை அவிழ்த்து, 14 கேஜ் கம்பிகளை எறிந்துவிட்டு, 13 கேஜ் கம்பி போட்டுக் கட்டுங்கள் (கேஜ் எண் குறைந்தால் கம்பி தடிக்கும்). பழைய 28 அங்குல வண்டிகளில் முன்னால் 32 கம்பி, பின்னால் 40 கம்பி இருக்கும். கேரியரில் இரண்டு பால் கேன், முன்பாரில் ஒரு பிள்ளை என்று அந்தச் சக்கரங்கள் சுமந்த சுமையை நான் என் கண்ணால் பார்த்திருக்கிறேன். தடித்த கம்பி தாங்கும், மெலிந்த கம்பி முறியும். இதற்குப் பெரிய விளக்கம் தேவையில்லை.

செம்மண்தடம்:

ஐயா, உங்கள் அனுபவத்தின் மேல் மதிப்பு வைத்தே மறுக்கிறேன். அந்த 40 கம்பிச் சக்கரம் வலிமையானது என்பதில் ஐயமில்லை. ஆனால் அந்த வலிமைக்குக் கம்பியின் தடிமன் முதற்காரணமன்று. அந்த வண்டியில் பின்னால் ஒரே ஒரு ஃப்ரீவீல் பல்சக்கரம்தான் இருக்கும். ரிம் ஹப்பின் நட்டநடுவே ஏறக்குறைய அமர்ந்துவிடுவதால், இருபுறக் கம்பிகளும் ஒரே இறுக்கத்தில் நிற்கும். கெடிலக்கரை வண்டியில் வலப்பக்கம் ஏழு பல்சக்கரங்கள் இடத்தை எடுத்துக்கொள்வதால், வலப்பக்கக் கம்பிகள் செங்குத்தாகவும் மிக இறுக்கமாகவும், இடப்பக்கக் கம்பிகள் சாய்ந்தும் தளர்ந்தும் நிற்கின்றன. வலப்பக்கம் 100 முதல் 120 கிலோ விசைக்கு இறுக்கினாலும் இடப்பக்கத்தில் அதில் பாதிக்குச் சற்று மேல்தான் கிடைக்கும். வலப்பக்கமே தொளதொளவென்று இருந்தால் இடப்பக்கத்தின் நிலையைச் சொல்லவே வேண்டாம்.

கம்பி ஏன் முறிகிறது என்பதையும் பார்க்க வேண்டும். ஒரே அடியில் சுமை தாங்காமல் அறுந்துபோகும் கம்பி மிகக் குறைவு. சக்கரம் சுமை ஏற்கும்போது, தரையைத் தொடும் இடத்துக்கு நேர் மேலே உள்ள மூன்று நான்கு கம்பிகளின் இழுவிசை குறைகிறது. சக்கரம் சுழன்றதும் பழைய நிலைக்குத் திரும்புகிறது. 700சி சக்கரத்தில் 38 டயரோடு சுற்றளவு ஏறத்தாழ 2.2 மீட்டர். நீங்கள் போய்வரும் 44 கிலோமீட்டருக்கு ஒவ்வொரு கம்பியும் ஒரு நாளில் இருபதாயிரம் முறை தளர்ந்து இறுகுகிறது. வாரத்துக்கு ஒரு லட்சம் முறை. தொடக்கத்திலேயே நன்கு இறுக்கிய கம்பி தளரும்போதும் கொஞ்சம் இழுவையை வைத்திருக்கும். அரைகுறையாக இறுக்கிய கம்பி ஒவ்வொரு சுற்றிலும் முற்றிலும் தொய்ந்து, ஹப்பின் துளையில் அசைந்து, வளைந்த கழுத்தில் களைத்து விரிசல் விடும். எடை கூடக் கூட இந்தத் தொய்வு கூடும். கடையில் உங்கள் எடையைக் குறை சொன்னவர்கள் கம்பியை ஒரு முறை விரலால் தட்டிப் பார்த்திருந்தால் அந்தச் சொல்லைச் சொல்லியிருக்க மாட்டார்கள்.

ஆயத்தச் சக்கரங்களில் பெரும்பாலானவை இயந்திரத்தில் கோத்து, கோணல் தெரியாத அளவுக்கு மட்டும் இறுக்கப்பட்டவை. உங்கள் முதல் சக்கரமும் அப்படி வந்ததுதானே? முறிந்த கம்பிகளை எடுத்து வைத்திருக்கிறீர்களா? எந்த இடத்தில் முறிந்தன, எந்தப் பக்கத்துக் கம்பிகள் என்று சொல்லுங்கள்.

கெடிலக்கரை:

நான்கையும் ஒரு டப்பாவில் போட்டு வைத்திருந்தேன். இப்போதுதான் விளக்கடியில் வைத்துப் பார்த்தேன். நான்குமே தலைக்கு அருகில், ஹப்பில் நுழையும் வளைவில் முறிந்திருக்கின்றன. முறிந்த முகம் ஒரே நிறமாக இல்லை. பாதிக்கு மேல் பழுப்பேறி மங்கலாகவும், மீதி அரிசியின் நுனியளவுக்குப் பளபளப்பாகவும் இருக்கிறது. மூன்று கம்பிகள் இடப்பக்கம், ஒன்று வலப்பக்கம். சக்கரத்தைக் கழற்றி ஒவ்வொரு கம்பியாகச் சுண்டியும் பார்த்தேன். வலப்பக்கம் ஒன்று கணீரென்றும் அடுத்தது மந்தமாகவும் ஒலிக்கிறது. இடப்பக்கத்தில் ஐந்தாறு கம்பிகளில் ஓசையே எழவில்லை.

செம்மண்தடம்:

பழுப்பேறிய பகுதி பல வாரங்களுக்கு முன்பே விரிசல் விட்ட இடம். காற்றும் ஈரமும் பட்டு மங்கியிருக்கிறது. பளபளப்பது கடைசி நாளில் அறுந்த பகுதி. எஞ்சிய பழைய கம்பிகளும் அதே சுற்றுகளைச் சுற்றியவை என்பதால் அவற்றின் கழுத்திலும் விரிசல் தொடங்கியிருக்கும். ஆகவே ஒவ்வொன்றாக மாற்றுவதை இன்றோடு விட்டுவிடுங்கள்.

உப்பளம்72:

காரணத்தைப் பொறுத்தவரை செம்மண்தடம் சொல்வதை ஏற்கிறேன். ஆனாலும் பழைய ஹப்பிலேயே கட்டுவது வீண்செலவு என்பதில் மாற்றமில்லை. ஃப்ரீவீல் வகை ஹப்பில் வலப்பக்கத்து பால்ரஸ் (குண்டுத் தாங்கி) பல்சக்கரங்களுக்கு உட்புறமாக அமர்ந்திருப்பதால், அங்கிருந்து ஃபிரேம் வரை அச்சு நெடுந்தூரம் தாங்கலின்றி நிற்கிறது. நூறு கிலோவுக்கு மேல் எடையுள்ளவர்கள் ஓட்டினால் அந்த அச்சு வளைவதையும் முறிவதையும் அடிக்கடி பார்க்கலாம். கம்பியைச் சீராக்கிவிட்டு அச்சை மறந்தால் அடுத்த முறையும் கிருமாம்பாக்கத்திலிருந்து தள்ளிக்கொண்டுதான் வர வேண்டியிருக்கும். ரிம்மும் பழையதுதான், பிரேக் கட்டை உரசும் முகத்தில் ஸ்கேலின் விளிம்பை வைத்துப் பாருங்கள், நடுவில் வெளிச்சம் தெரிந்தால் ரிம் தேய்ந்துவிட்டது. ஹப்பும் போய், ரிம்மும் போய், கம்பியும் போன பிறகு எதை அவிழ்த்துக் கட்டப் போகிறீர்கள்?

கெடிலக்கரை:

ஸ்கேலை வைத்துப் பார்த்தேன்; இருபுறமும் வெளிச்சம் தெரிகிறது. அச்சைக் கழற்றிக் கண்ணாடி மேல் உருட்டியபோது, வளைந்திருப்பதால் ஒரே சீராக உருளாமல் எகிறி எகிறி விழுகிறது. இதை நான் எதிர்பார்க்கவே இல்லை.

செம்மண்தடம்:

அச்சைப் பற்றி உப்பளத்தார் சொன்னது முழுக்கச் சரி; அதை நான் முதலிலேயே கேட்டிருக்க வேண்டும். பழைய ஹப் வேண்டாம். ஆனால் அதனால் ஆயத்தச் சக்கரம்தான் தீர்வு என்று ஆகிவிடாது. ஃப்ரீஹப் வகையில் (ஃப்ரீவீல் பொறி ஹப்போடு சேர்ந்தே வருவது) வலப்பக்கத்து பால்ரஸ் ஃபிரேமுக்கு அருகிலேயே இருப்பதால் அச்சுக்கு நல்ல தாங்கல் கிடைக்கிறது. 36 துளை ஃப்ரீஹப், இரட்டைச் சுவர் ரிம், புதுக் கம்பி மூன்றையும் வாங்கிக் கட்டலாம். 8 ஸ்பீடுக்குரிய ஃப்ரீஹப்பில் 4.5 மில்லிமீட்டர் வளையம் ஒன்றை உள்ளே போட்டு 7 ஸ்பீடு கேசட்டை (ஃப்ரீஹப்பில் செருகும் பல்சக்கர அடுக்கு) மாட்டிக்கொள்ளலாம். கியர் மாற்றியை மாற்றத் தேவையில்லை. ஃபிரேமின் பின்கவைகளுக்கு இடையே உள்ள அகலத்தை மட்டும் முதலில் அளந்துகொள்ளுங்கள்.

வண்ணாரப்பாளையத்தான்:

இருபுற இறுக்கம் பற்றிச் செம்மண்தடம் சொன்னதை இரவெல்லாம் யோசித்தேன். கியர் வண்டிச் சக்கரங்களில் இடப்பக்கக் கம்பிதான் அதிகம் தளர்கிறது என்பது என் கைக்குத் தெரிந்ததே; அதைத் தடிமனோடு சேர்த்துப் பார்த்துப் பழகிவிட்டேன். இருந்தாலும் 13 கேஜை நான் முழுக்க விட்டுக்கொடுக்க மாட்டேன். கழுத்து தடித்திருந்தால் ஹப்பின் துளையில் கெட்டியாக உட்காரும், அசையாது.

இன்னொன்றில் யாரும் கைவைக்கவில்லை. தேவனாம்பட்டினத்து மீன் வண்டிகளுக்கு எத்தனையோ சக்கரம் கட்டியிருக்கிறேன். கேரியர்க் கூடையிலிருந்து ஐஸ் தண்ணீர் ஹப்பின் மேல் சொட்டிச் சொட்டி, துத்தநாகப் பூச்சுக் கம்பி ஒரு மழைக்காலம் தாங்காது. தொட்டால் தூளாக உதிரும். தம்பி ஓட்டுவதும் கடற்காற்று வீசும் சாலைதான். கம்பி என்றால் துருப்பிடிக்காத எஃகு, நிப்பிள் (கம்பியை ரிம்மில் இறுக்கும் சிறு திருகு) என்றால் பித்தளை. அலுமினிய நிப்பிள் உப்பில் இறுகிப்போய், பிறகு திருப்பினால் தலை உருண்டுவிடும்.

செம்மண்தடம்:

உப்பைப் பற்றி ஐயா சொன்னதற்கு மறுபேச்சில்லை. 13 கேஜைப் பொறுத்தவரை ஓர் இடைவழி உண்டு: கழுத்தில் 2.3 மில்லிமீட்டராகவும் மற்ற நீளத்தில் 2 மில்லிமீட்டராகவும் வரும் கம்பி கிடைக்கிறது. முழு நீளமும் தடித்த கம்பி, அதே இறுக்கத்தில் குறைவாகவே நீளும். ஆகவே ரிம் சிறிது அமுங்கினாலும் விரைவில் தொய்ந்துவிடும். கழுத்து தடித்து உடல் மெலிந்த கம்பியில் இரண்டு நன்மையும் சேர்கின்றன. ஹப்பின் துளைக்குள் அந்தக் கழுத்து நுழைகிறதா என்று ஒரு கம்பியைப் போட்டுப் பார்த்துவிட்டு வாங்குவது நல்லது.

உப்பளம்72:

நான் தோற்றதாக எண்ணவில்லை. நல்ல ஆயத்தச் சக்கரத்தை வாங்கி வண்ணாரப்பாளையத்து ஐயாவிடம் கொடுத்து முழுக்க மறு இறுக்கம் செய்துகொண்டாலும் இதே பயன் கிடைக்கும், செலவும் குறையும் என்றே இன்னும் நினைக்கிறேன். ஆனால் என் இரண்டு சக்கரங்களும் ஒரு மாதத்தில் ஏன் நெளிந்தன என்பது இப்போதுதான் விளங்குகிறது. கட்டிய பிறகு இணையாக ஓடும் கம்பிகளை இரண்டிரண்டாகச் சேர்த்துப் பிடித்து அழுத்தி, முறுக்கு விடுபட்ட பின் மறுபடி கோணல் பார்க்கும் வேலையை அவர்கள் செய்யவே இல்லை.

கெடிலக்கரை:

பின்கவை அகலம் 135 மில்லிமீட்டர். கட்டுவதென்று முடிவு செய்துவிட்டேன். 36 துளை ஹப், ரிம், செம்மண்தடம் சொன்ன வகைக் கம்பி 40 (உபரி நான்கும் சேர்த்து), பித்தளை நிப்பிள் எல்லாவற்றையும் இன்றே சேர்த்து வரவழைக்கப் போகிறேன்.

வண்ணாரப்பாளையத்தான்:

தம்பி, கம்பியை இப்போது வாங்க வேண்டாம். ஹப்பின் தட்டு அகலமும் ரிம்மின் உள்விட்டமும் தெரியாமல் நீளம் சொல்ல முடியாது. வலப்பக்கத்துக்கு ஒரு நீளம், இடப்பக்கத்துக்கு ஓரிரு மில்லிமீட்டர் கூடுதல் நீளம் வரும். குட்டையாக வாங்கினால் நிப்பிளில் மரை போதாமல் கழுத்துக்குப் பதில் நிப்பிள் உடையும். நெட்டையாக வாங்கினால் இறுக்கம் வருவதற்குள் மரை தீர்ந்துவிடும். முதலில் ஹப்பையும் ரிம்மையும் கொண்டு வாருங்கள். நான் அளந்து எழுதித் தருகிறேன்.

கெடிலக்கரை:

சரிங்க ஐயா. ஹப்பும் ரிம்மும் மட்டும் சொல்லிவிட்டேன். வந்ததும் ஞாயிற்றுக்கிழமை காலையில் எடுத்துக்கொண்டு வருகிறேன். கட்டும்போது பக்கத்தில் உட்கார்ந்து பார்க்க அனுமதி வேண்டும்.

வண்ணாரப்பாளையத்தான்:

தாராளமாக வாருங்கள். கோத்து இறுக்கி முடிக்க மதியம் ஆகிவிடும். 300 கிலோமீட்டர் ஓட்டிய பிறகு ஒரு முறை கொண்டுவந்து காட்ட வேண்டும்; அதுவும் சேர்த்துத்தான் கூலி.