மகளுக்கு டைப் 1 வந்தபோது எங்களுக்குப் புரிய வைத்தது ஒரு இளம் டாக்டர்

மகளுக்கு டைப் 1 சர்க்கரை நோய் என்று தெரிந்ததும் எங்கள் செம்பூர் வீட்டுக்கு விசாரிக்க வந்தவர்கள் எல்லோரும் இரண்டு விஷயம்தான் சொன்னார்கள். ஒன்று, இனிப்பு கொடுத்துக் கெடுத்துவிட்டீர்கள். இன்னொன்று, எதிர்ப்பு சக்தி குறைந்துபோச்சு, அதை ஏற்றுங்கள். இரண்டுமே தப்பு. இந்த நிலைமையில் இருக்கும் மற்ற அம்மாக்களுக்காகத்தான் எழுதுகிறேன்.

முதலில் வந்தது தாகம். மாட்டுங்காவில் பாட்டு வகுப்பு முடிந்து வீடு வந்து சேர்வதற்குள் ஒரு லிட்டர் பாட்டிலைக் காலி செய்துவிடுவாள். யூனிஃபார்ம் பாவாடை இடுப்பில் நிற்காமல் ஊக்கு குத்தி அனுப்ப வேண்டியதாயிற்று. ராத்திரி எழுந்து எழுந்து பாத்ரூம் போனாள். முதலில் பார்த்த டாக்டர் மும்பை வெயில், வியர்வை என்று சொல்லி அனுப்பிவிட்டார். அப்புறம் வாந்தியும் பெருமூச்சுமாகப் பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்தோம்.

அங்கே வார்டில் மேல்படிப்பு படிக்கும் ஒரு டாக்டர், திருநெல்வேலிக்காரத் தம்பி. நான் அழுதுகொண்டே "நான் என்ன தப்பு பண்ணினேன் டாக்டர்?" என்று கேட்டபோது, "அக்கா, நீங்க ஒண்ணும் பண்ணலை. பாப்பாவோட எதிர்ப்பு சக்தி நல்ல பலமாத்தான் இருக்கு. ஆளை மாத்தி அடிக்குது, அவ்வளவுதான்" என்றார். ஒரு ரிப்போர்ட்டின் பின்பக்கம் நெஞ்செலும்பு வரைந்து, அதன் பின்னால் இதயத்துக்கு மேலே சின்னதாக ஒன்றைப் போட்டு, இதுதான் தைமஸ் என்று காட்டினார்.

அவர் சொன்னதையும் பிறகு நான் தேடிப் படித்ததையும் சேர்த்துச் சொல்கிறேன். எதிர்ப்பு சக்தியின் படைவீரர்களான டி செல்கள் என்ற வெள்ளை அணுக்கள் எலும்பு மஜ்ஜையில் பிறந்து, தைமஸுக்கு வந்துதான் பக்குவமாகின்றன. ஒவ்வொரு செல்லும் எதைப் பிடிக்கப்போகிறது என்பது மரபணுத் துண்டுகள் குருட்டாம்போக்கில் ஒட்டிக்கொள்வதைப் பொறுத்தது, அதனால் நம் உடம்பையே பிடிக்கிறவையும் கண்டிப்பாக உருவாகும். அவற்றைக் கண்டுபிடிக்க, தைமஸ் உடம்பின் மற்ற உறுப்புகளில் இருக்கிற புரதங்களைத் தானே கொஞ்சம் கொஞ்சம் தயாரித்துக் காட்டுகிறது. ஏர் (AIRE) என்ற மரபணு இதற்கு முக்கியம். கணையத்தில் மட்டும் இருக்கும் என்று நாம் நினைக்கிற இன்சுலின்கூட அங்கே தயாராகிறது! அதை இறுகப் பிடிக்கிற டி செல்லில் பெரும்பாலானவை அங்கேயே செத்துவிடும். தப்பி வெளியே போகிறவைதான் டைப் 1இல் கணையத்தில் இன்சுலின் தயாரிக்கும் பீட்டா செல்களை அழிக்கின்றன.

இதைப் படித்தபோதுதான் எனக்கு உண்மையிலேயே மனசு ஆறியது, ஏனென்றால் இன்சுலின் மரபணுவை ஒட்டியுள்ள ஒரு துண்டு சிலருக்கு நீளமாக இருக்கிறது, அவர்களுடைய தைமஸில் இன்சுலின் கூடுதலாக உருவாகிறது, அவர்களுக்கு டைப் 1 வரும் வாய்ப்பும் குறைவு என்று 1997லேயே கண்டுபிடித்திருக்கிறார்கள். அது மட்டுமே காரணம் இல்லை, வேறு மரபணுக்களும் இருக்கின்றன, ஆனால் நான் கொடுத்த லட்டு இந்தக் கணக்கிலேயே வரவில்லை.

ஊரிலிருந்து வந்த மாமியார் மாட்டுங்கா நாட்டு மருந்துக் கடையில் எதிர்ப்பு சக்திக்கு ஒரு பொடி வாங்கி வந்தார். பாசத்தில்தான். உட்கார வைத்து எல்லாம் சொன்னேன். "அப்போ வடிகட்டுறதுல தப்பிச்சது எல்லாருக்கும் இருக்கணுமே, ஏன் எல்லாருக்கும் வரலை?" என்று கேட்டார். சரியான கேள்வி. தப்பி வெளியே வருகிற டி செல்கள் எல்லோரிடமும் உண்டு. அவற்றை அடக்கி வைக்க ஒழுங்குபடுத்தும் டி செல்கள் என்று தனி வகை இருப்பதை ஜப்பானின் ஷிமோன் சகாகுச்சி 1995இல் காட்டினார். 2001இல் மேரி ப்ரன்கோ, ஃப்ரெட் ராம்ஸ்டெல் குழு, இந்த அடக்கும் செல்களுக்கு அவசியமான ஃபாக்ஸ்பி3 மரபணுவைக் கண்டுபிடித்தது. அது பழுதான ஆண் குழந்தைகளில் பலருக்குப் பிறந்த சில மாதங்களிலேயே சர்க்கரை நோய் வந்துவிடுகிறது. மூவருக்கும் 2025இல் மருத்துவ நோபல் கிடைத்தது. அத்தை பேசாமல் பொடியை எடுத்து மேல் தட்டில் வைத்துவிட்டார். இப்போது ராத்திரி ஊசி போடும்போது பேத்தியின் வயிற்றுச் சதையை மெதுவாகப் பிடித்துக்கொள்வது அவர்தான்.

யார் பேச்சைக் கேட்டும் இன்சுலினை மட்டும் நிறுத்திவிடாதீர்கள். பீட்டா செல்கள் அழிந்த பிறகு அதற்கு வேறு மாற்று இல்லை.

சின்னவனைப் பற்றியும் கவலை இருந்தது. கூடப் பிறந்தவர்களுக்கு வாய்ப்பு மற்றவர்களைவிடக் கூடுதல். நோய் வெளியே தெரிவதற்கு மாதங்கள், வருடங்கள் முன்பே, நம் உடம்பையே குறிவைக்கும் ஆட்டோ ஆன்டிபாடிகள் ரத்தத்தில் இருக்கின்றனவா என்று பார்க்கும் பரிசோதனையில் தெரிந்துவிடலாம். அவனுக்கு எடுத்தோம், இப்போதைக்கு இல்லை. அவை இருந்து, சர்க்கரை அளவும் மாறத் தொடங்கியிருந்தால், 8 வயதும் அதற்கு மேலும் உள்ளவர்களுக்கு நோயைத் தள்ளிப்போட டெப்லிசுமாப் என்ற மருந்துக்கு 2022இல் அமெரிக்காவில் அனுமதி கொடுத்திருக்கிறார்கள். பரிசோதனையை எல்லா லேபிலும் எடுக்க மாட்டார்கள், செலவும் கொஞ்சம் ஆகும், குழந்தையைப் பார்க்கிற டாக்டரிடமே எங்கே எடுக்கலாம் என்று கேளுங்கள்.