அப்பா அம்மாவோடு கப்பல் பயணம்: கொச்சியா, சிங்கப்பூரா?

முட்டத்துக்காரன்:

எல்லாருக்கும் வணக்கம். அப்பா அம்மாவையும் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு ஒரு சொகுசுக் கப்பலில் போய்வரலாம் என்று நானும் வீட்டுக்காரியும் கொஞ்ச நாளாகப் பேசிக்கொண்டிருக்கிறோம். அப்பாவுக்கு எழுபது தாண்டிவிட்டது, வாழ்நாள் முழுக்க வள்ளத்தில் போனவர். "கடலுக்குப் போய்க் காசு கொண்டுவந்த காலம் போய், இனி காசு கொடுத்துக் கடலுக்குப் போகணுமாக்கும்" என்கிறார், ஆனால் வரவில்லை என்று சொல்லவில்லை. அம்மா நேர் எதிர். விவேகானந்தர் பாறைக்குப் போகிற படகிலேயே கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு ஜெபமாலை உருட்டுகிறவர். முட்டுவலி வேறு, படி என்றால் ஒரு கையில் கைப்பிடி, மறு கையில் நான். பிள்ளைகளுக்கு ஒன்பது வயது, நாலு வயது.

பார்த்து வைத்திருப்பது இரண்டு. கொச்சியில் ஏறி லட்சத்தீவு, இல்லையென்றால் திருவனந்தபுரத்திலிருந்து விமானத்தில் சிங்கப்பூர் போய் அங்கிருந்து பினாங்கு, புக்கெட் சுற்றிவருகிற கப்பல். கிறிஸ்துமஸுக்கு ஊரில் இருந்தே ஆக வேண்டும், அதனால் பூஜை விடுமுறை அல்லது பள்ளிக்கூடப் பெரிய லீவு. எது தோது, எந்த அறை எடுக்கலாம், விளம்பரத்தில் போட்டிருக்கிற தொகைக்கு மேல் எவ்வளவு இழுக்கும், சாப்பாடு எப்படி என்று போய்வந்தவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும். விழிஞ்ஞத்திலிருந்து ஏதாவது கிளம்பினால் ரொம்ப சௌகரியம், அப்படி எதுவும் கண்ணில் படவில்லை.

தக்கலை டீச்சர்:

தம்பி, விழிஞ்ஞத்தை மறந்துவிடு, அது கண்டெய்னர் மாற்றி ஏற்றுகிற துறைமுகம். நாங்கள் மாமியாரையும் கூட்டிக்கொண்டு சிங்கப்பூர் கப்பலில்தான் போனோம், உன் அம்மாவுக்கும் அதையே சொல்வேன். மலாக்கா நீரிணையில் ஒரு பக்கம் மலேசியா, மறு பக்கம் சுமத்ரா, நடுவில் கப்பல் போகிறது, திறந்த கடலின் பெரிய அலை அங்கே அவ்வளவாக எட்டுவதில்லை. முதல் நாள் ராத்திரி சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது மாமியார் "கப்பல் எப்போ எடுப்பாங்க" என்று கேட்டார். எடுத்து ரெண்டு மணி நேரம் ஆகியிருந்தது.

விசாவில் ஒரு கண் வை. சிங்கப்பூரில் ஏறி வெளியே போய்த் திரும்பச் சிங்கப்பூரில் இறங்கினால் அது இரண்டாவது நுழைவு, அதனால் விசாவில் மல்டிபிள் என்று இருக்கிறதா என்று எல்லார் தாளிலும் பார்த்துவிடு. அரைவல் கார்டு என்று ஒன்று ஆன்லைனில் நிரப்ப வேண்டும், போய் இறங்குவதற்கு முந்தைய 3 நாட்களுக்குள், கப்பலில் திரும்பி வரும்போது மறுபடியும். அரசுத் தளத்தில் அதற்குக் காசு கிடையாது, காசு கேட்டால் அது வேறு யாரோ. மலேசியா, தாய்லாந்து விதிகள் அடிக்கடி மாறுகின்றன, பணம் கட்டும் முன் அன்றைய நிலவரத்தைப் பார். பாஸ்போர்ட் ஆறு மாதத்துக்கு மேல் செல்லுபடியாக இருக்க வேண்டும்.

செலவு கேட்டாய். விளம்பரத்தில் இருப்பது பெரும்பாலும் கட்டிலுக்கான காசு மட்டும். அதன்மேல் துறைமுக வரி, பிறகு டிப்ஸ். பெரிய அமெரிக்கக் கம்பெனிக் கப்பல்களில் டிப்ஸ் என்பது நாமாகப் பார்த்துக் கொடுப்பதில்லை, ஆளுக்கு ஒரு நாளைக்கு 18 டாலர் போல பில்லில் தானாகவே ஏறிவிடும், உன் நாலு வயசுக்கும் சேர்த்து. எங்களுக்குப் பதிவு செய்துகொடுத்த ஏஜெண்ட் இதைப் பற்றி வாயே திறக்கவில்லை, கடைசி நாள் பில்லைப் பார்த்து எங்கள் வீட்டுக்காரர் முகம் போன போக்கு இருக்கிறதே. ஏஜெண்ட் மூலம் வெளிநாட்டு டூர் பேக்கேஜாக எடுத்தால் டிசிஎஸ் என்று முன்கூட்டியே ஒரு வரித் தொகை பிடிப்பார்கள், அது வருமான வரிக் கணக்கில் சேர்ந்துவிடும், ரசீதை பத்திரமாக வை.

அப்புறம், இதை யாரும் எழுத மாட்டார்கள், நான் எழுதுகிறேன். கழிப்பறையில் காகிதம்தான், தண்ணீர்க் குழாய் கிடையாது. பெட்டியில் ஒரு பிளாஸ்டிக் மக் போட்டுக்கொள். அந்த அறை எவ்வளவு சின்னது என்றால் உட்கார்ந்தபடியே வாஷ்பேசின் குழாயைத் திறந்து தண்ணீர் பிடித்துக்கொள்ளலாம். மாமியாருக்கு அந்தக் கப்பலில் மிகவும் பிடித்த பொருள் நான் கொண்டுபோன மக்தான்.

குளச்சல் மருமகள்:

லட்சத்தீவைப் பற்றி யாராவது சொல்ல வேண்டுமே. நாங்கள் போனது சொகுசுக் கப்பல் இல்லை, லட்சத்தீவு அரசின் சுற்றுலாப் பிரிவு நடத்துகிற சமுத்ரம் பேக்கேஜ், கொச்சியில் ஏறினோம், கப்பல் பெயர் எம்.வி. கவரத்தி. ராத்திரி கப்பலில் தூக்கம், பகலில் தீவு. நீச்சல்குளம், பாட்டு, கூத்து எதுவும் எதிர்பார்க்காதீர்கள். ஆனால் கல்பேனித் தீவில் இடுப்பளவு தண்ணீரில் நின்று குனிந்து பார்த்தால் கால் விரல் நகம் தெரியும், அப்படி ஒரு தெளிவு. உங்கள் அப்பாவுக்கு மினிக்காய்த் தீவு பிடிக்கும். சூரை மீன் பிடிக்கிற ஊர், 1885ல் வெள்ளைக்காரன் கட்டிய கலங்கரை விளக்கம் இன்னும் நிற்கிறது, முட்டத்து லைட்ஹவுஸைப் பார்த்து வளர்ந்தவர் அதோடு ஒப்பிட்டு ஒரு நாள் முழுக்கப் பேசுவார்.

அம்மாவுக்குத்தான் இது ஒத்துவராது. தீவை ஒட்டிப் பவளப்பாறைக்கு உள்ளே இருக்கிற கடல், லகூன் என்பார்கள், ஆழம் குறைவு, அதனால் பெரும்பாலும் கப்பல் வெளியே நின்றுவிடும். கப்பலின் பக்கவாட்டுக் கதவு வழியாகச் சின்னப் படகில் இறங்க வேண்டும். படகு மேலே வரும், கீழே போகும், மேலே வருகிற நேரம் பார்த்து இரண்டு பேர் கையைப் பிடித்து "இப்போ" என்று சொல்லும்போது காலை வைக்க வேண்டும். முட்டுவலிக்காரர்களை அதில் இறக்கிப் பார்க்க எனக்கு மனசு வராது. தனியார் சொகுசுக் கப்பலில் போனாலும் தீவில் இறங்குவது இப்படித்தான். கடல் சரியில்லை என்றால் இறக்கவே மாட்டார்கள், கப்பல் திரும்பிவிடும், அதற்காகப் பணத்தைத் திருப்பிக் கேட்க முடியாது.

நாள் பார்ப்பதும் முக்கியம். ஜூன் முதல் செப்டம்பர் வரை நினைக்கவே வேண்டாம், நம் மேற்குக் கடற்கரையில் கச்சான், அதாவது தென்மேற்குப் பருவக்காற்று, அடிக்கிற காலம் அங்கேயும் அதேதான். பூஜை விடுமுறை என்றால் சீசன் அப்போதுதான் தொடங்கும். நுழைவு அனுமதி இந்தியர்களுக்கும் வேண்டும், முன்கூட்டியே எழுதிப் போடுங்கள்.

ஓய்வுபெற்ற ஸ்டூவர்ட்:

தேங்காப்பட்டணம் பக்கம். கப்பலில் அறை சுத்தம் செய்கிற வேலையில் பல வருஷம் இருந்தேன், அதனால் பயணியாக இல்லாமல் எதிர்ப்பக்கத்திலிருந்து சொல்கிறேன்.

அறை: கப்பலின் நடுப்பகுதி, கீழ்த்தளம். முன்னும் பின்னும்தான் தூக்கிப் போடும், உயரம் போகப் போக ஆட்டமும் கூடும். வள்ளத்தில் போன அப்பாவுக்கு இது சொல்லாமலே தெரியும். புஃபே, நீச்சல்குளம் இருக்கிற தளத்துக்கு நேர் கீழே அறை கிடைத்தால் மாற்றிக் கேளுங்கள், விடியற்காலையிலேயே தலைக்குமேல் நாற்காலி இழுப்பார்கள். உள்ளறை மலிவு, ஜன்னல் கிடையாது, விளக்கை அணைத்தால் பகலா இரவா தெரியாது. பிள்ளைகளோடு நீங்கள் அதில் இருக்கலாம், ஒரே அறையில் மூன்றாவது நான்காவது ஆளுக்குக் கட்டணம் குறைவு, மேலிருந்து இறங்குகிற பங்க் கட்டிலில் பெரிய பிள்ளை சந்தோஷமாகப் படுத்துக்கொள்ளும். அப்பா அம்மாவுக்கு பால்கனி அறை எடுத்துக்கொடுங்கள். தலை சுற்றும்போது தொடுவானத்தைப் பார்ப்பது பாதி மருந்து. சின்னவன் பால்கனிக்குப் போகும்போது நாற்காலியை கம்பிக்குப் பக்கத்தில் விடாதீர்கள்.

குமட்டலுக்கு அவோமின் மாதிரி மாத்திரை கப்பல் ஏறுவதற்கு முன்பே போட வேண்டும், வாந்தி தொடங்கியபின் போட்டால் அதுவும் சேர்ந்து வெளியே வந்துவிடும். தூக்கம் வரும் மாத்திரை அது, அம்மா பிரஷர் சுகர் மாத்திரை சாப்பிடுகிறவர் என்றால் டாக்டரிடம் கேட்டுவிட்டுத்தான். கப்பல் வேலைக்காரர்கள் நாங்கள் பச்சை ஆப்பிளும் உப்பு பிஸ்கட்டும்தான் தின்போம்.

பெட்டியைத் துறைமுகத்தில் வாங்கிக்கொள்வார்கள், அறைக்கு வந்து சேர சாயங்காலம் ஆகும். மருந்து, பாஸ்போர்ட், பிள்ளைகளின் மாற்றுத்துணி கைப்பையில் இருக்கட்டும். இஸ்திரிப் பெட்டி, கெட்டில், எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் எல்லாம் ஸ்கேனரில் பிடித்து வைத்துவிடுவார்கள். ஏத்தங்காய் சிப்ஸ் பாக்கெட் ஒட்டியபடி இருந்தால் பிரச்சினை இல்லை. கருவாடு, மீன் ஊறுகாய் என்று அன்பு மிகுதியில் எதையும் கட்டிக்கொண்டு வராதீர்கள், நம்ம ஊர்க்காரர் ஒருவர் பெட்டியைத் திறந்த அன்று அந்த வராந்தாவில் நான் நடந்ததை மறக்க மாட்டேன்.

முதல் நாள் ஒரு பாதுகாப்புப் பயிற்சி வைப்பார்கள். ஏழு குட்டைச் சங்கு, ஒரு நெட்டைச் சங்கு, அது கேட்டால் எங்கே போய் நிற்பது என்று காட்டுவார்கள். 2012 ஜனவரியில் கோஸ்டா கான்கார்டியா இத்தாலிக் கரையில் சாய்ந்தபோது அன்று ஏறிய பல பேருக்கு அந்தப் பயிற்சியே நடந்திருக்கவில்லை, பிறகுதான் கப்பல் கிளம்பும் முன்பே அல்லது கிளம்பிய உடனே நடத்த வேண்டும் என்று விதி வந்தது. காபி குடிக்கிற சாக்கில் நழுவாதீர்கள்.

இன்னொன்று, புக்கெட் போனால் கடிகாரம். தாய்லாந்து நேரம் சிங்கப்பூருக்கு ஒரு மணி நேரம் பின்னால். கரையில் கால் வைத்ததும் போன் தானாக மாறிக்கொள்ளும், கப்பல் பெரும்பாலும் சிங்கப்பூர் நேரத்திலேயே இருக்கும். போனைப் பார்த்து நடந்தால் கரையில் நின்று கப்பலுக்குக் கை காட்ட வேண்டியதுதான், தனியாக வெளியே போனவர்களுக்காகக் காத்திருக்க மாட்டார்கள். கப்பல் நேரம் காட்டுகிற ஒரு சாதாரண கைக்கடிகாரம் கட்டிக்கொள்ளுங்கள்.

வடசேரி ராஜா:

எல்லாரும் ஆசை காட்டுகிறீர்கள், நான் கொஞ்சம் தண்ணீர் ஊற்றுகிறேன். எனக்குப் பிடிக்கவில்லை. மதியம் புஃபே நேரத்தில் வடசேரி பஸ் ஸ்டாண்ட் மாதிரி கூட்டம், தட்டை வைத்துக்கொண்டு மேசை தேடி அலைய வேண்டும். துறைமுகத்தில் கிடைப்பது பகலில் சில மணி நேரம், அதில் பாதி வரிசையில் போய்விடும். அதே காசுக்கு மலேசியாவைத் தரைவழியில் நிதானமாகச் சுற்றலாம். போட்டோ எடுக்கிறேன், வைஃபை தருகிறேன், மசாஜ் செய்கிறேன் என்று நாள் முழுக்க விற்றுக்கொண்டே இருப்பார்கள். கையில் காசே எடுப்பதில்லை, அறைச்சாவி அட்டையைத் தேய்த்தால் போதும், அதுதான் வினை. பிள்ளைகள் அட்டையில் வாங்க முடியாதபடி முதல் நாளே கவுண்டரில் சொல்லி நிறுத்திவிடுங்கள்.

போவதென்றே முடிவானால், கப்பல் கிளம்பும் நாளன்று விமானம் பிடிக்காதீர்கள். முந்தின நாளே சிங்கப்பூர் போய் லிட்டில் இந்தியாவில் ஒரு ரூம் போட்டுப் படுங்கள். வெளிநாட்டு மருத்துவச் செலவையும் சேர்த்து இன்சூரன்ஸ் எடுங்கள், கப்பல் டாக்டர் பில் டாலரில் வரும்.

முட்டத்துக்காரன்:

எல்லாருக்கும் ரொம்ப நன்றி, டீச்சர் அக்காவுக்கு மக் விஷயத்துக்குத் தனி நன்றி. அந்தப் படகுக் கதவைப் படித்ததுமே லட்சத்தீவு போய்விட்டது, சிங்கப்பூர்தான். அப்பாவிடம் கச்சான், மலாக்கா எல்லாம் வாசித்துக் காட்டினேன், "அந்த ஸ்டூவர்ட் சொன்னதுதான் சரி, நடுவிலேயே எடு" என்றார். அப்போ வருகிறார் என்றுதானே அர்த்தம்.

ஸ்டூவர்ட் அண்ணே, இன்னும் ரெண்டு கேள்வி. அம்மாவால் பினாங்கிலும் புக்கெட்டிலும் இறங்க முடியுமா? வெள்ளிக்கிழமை அம்மா கறி மீன் தொட மாட்டார், சோறு கிடைக்குமா?

ஓய்வுபெற்ற ஸ்டூவர்ட்:

பினாங்கில் இறங்கலாம் தம்பி. ஜார்ஜ் டவுனில் ஸ்வெட்டன்ஹாம் துறையில் கப்பல் கரையிலேயே கட்டும், பாலம் வழியாக நடந்து இறங்கினால் ஊர். அங்கேயும் ஒரு லிட்டில் இந்தியா பக்கத்திலேயே இருக்கிறது, வாழையிலைச் சாப்பாடு, தமிழ்ப் பாட்டு, பூக்கடை எல்லாம் உண்டு, வெயிலுக்கு ஒரு டாக்ஸி பிடித்துக்கொள்ளுங்கள். புக்கெட்டில் பாதோங் கடற்கரைக்கு எதிரே நங்கூரம் போட்டால் சின்னப் படகுதான், அன்று அம்மாவும் அப்பாவும் கப்பலிலேயே இருக்கட்டும். எல்லாரும் இறங்கிப்போன கப்பல் அமைதியாக இருக்கும், லிஃப்டுக்குக் காத்திருக்க வேண்டாம்.

முனையத்திலிருந்து அறை வரைக்கும் சக்கர நாற்காலி வேண்டும் என்று பதிவு செய்யும்போதே எழுதிக் கொடுங்கள், அங்கே போய்க் கேட்டால் தாமதமாகும். கப்பலுக்குள் நாள் முழுக்க வேண்டுமென்றால் சொந்தமாகக் கொண்டுபோக வேண்டியிருக்கும். சோற்றுக்குக் கவலை வேண்டாம், சிங்கப்பூர் கப்பல்களில் இந்தியப் பயணிகள் நிறைய, புஃபேயில் சாதம், பருப்பு, சப்பாத்தி இருக்கும். உட்கார்ந்து சாப்பிடுகிற பெரிய சாப்பாட்டு அறையில் முதல் ராத்திரியே தலைமைப் பரிமாறுபவரைக் கூப்பிட்டு, வெள்ளிக்கிழமை இந்திய சைவம் வேண்டும் என்று சொல்லிவிடுங்கள், சமையல்கட்டுக்கு ஒரு நாள் முன்னால் தெரிந்தால் தனியாகச் செய்து தருவார்கள். நம்ம ஊர்ப் புளிக்கு ஏங்கினால் ஒட்டிய ஊறுகாய் பாக்கெட் எடுத்துப்போகலாம், மாங்காய் மட்டும்.