குடும்ப மருத்துவருக்கு இலக்கு வைத்துச் சம்பளம்: பிரிட்டன் செய்தது சரியா?

நாடிக்காரன்:
2004 ஏப்ரலில் பிரிட்டன் கொண்டுவந்த புள்ளி முறையை இங்கே பலரும் முன்மாதிரி என்கிறீர்கள். குடும்ப மருத்துவரின் கிளினிக் இலக்கை எட்டினால் புள்ளி, புள்ளிக்குக் காசு. 146 அளவுகோல்கள், மொத்தம் 1,050 புள்ளிகள், புள்ளிக்கு இவ்வளவு பவுண்டு. முதல் வருடமே இங்கிலாந்தில் சராசரியாக 90 சதவீதத்துக்கு மேல் அள்ளிவிட்டார்கள். அரசு போட்ட கணக்கு உதைத்தது. ஏற்கெனவே செய்துகொண்டிருந்த வேலைக்கு போனஸ், வேறென்ன?

பதிவேடு:
பாதி உண்மை. சர்க்கரை, ஆஸ்துமா நோயாளிகளின் பட்டியல் வைத்திருப்பதற்கே தனிப் புள்ளி உண்டு. பட்டியல் இல்லாவிட்டால், வராமல் போனவரை யார் கூப்பிடுவது? பணம் வந்ததும் நர்ஸ் வந்தார், கணினி வந்தது, அழைப்புக் கடிதம் போனது.

நாடிக்காரன்:
கூடவே விளையாட்டும் வந்ததே! பிரஷர் இலக்கு 150/90. 154 வந்தால் ஐந்து நிமிடம் உட்காரவைத்து மறுபடி பார்ப்பார்கள். 148 வந்தால் எழுதிவிட்டு அடுத்த ஆள். இலக்கைத் தாண்டியவர்களை மட்டும் திரும்ப அளந்தால் மருந்தை மாற்றாமலே இலக்கு எட்டிவிடும். '48 மணி நேரத்துக்குள் டாக்டரைப் பார்க்கலாம்' என்ற இலக்கும் அப்படித்தான். இலக்கு தப்பக் கூடாதென்று, அடுத்த வாரத்துக்கு முன்பதிவே கிடையாது என்றன சில கிளினிக்குகள். 2005 தேர்தல் நேரத்தில் டிவியில் ஒருவர் இதைக் கேட்க, அன்றைய பிரதமர் டோனி பிளேர் முழித்தது ஊரறிந்த கதை.

பதிவேடு:
அது அளவுகோலை வைத்தவர்களின் கோளாறு. மருந்து ஒத்துக்கொள்ளாதவர், மூன்று முறை அழைத்தும் வராதவர் ஆகியோரைக் கணக்கிலிருந்து விலக்கலாம் என்று விதி இருந்தது. அது இல்லாவிட்டால் சிக்கலான நோயாளியைத் தட்டிக்கழிப்பார்கள்.

நாடிக்காரன்:
அதே விதியை வைத்து இலக்கை எட்டாதவரையும் கழித்துவிடலாமே.

செவிமானி:
நடுவில் ஒன்று. 2014இல் பல அளவுகோல்களை நீக்கியதும் பதிவான தரம் சரிந்தது. உணவு, உடற்பயிற்சி ஆலோசனையில்தான் பெரிய சரிவு. அது ஆலோசனை சொல்லிவிட்டு டிக் அடிப்பது மட்டும் நின்றதாகவும் இருக்கலாம். ஆனால் ரத்தப் பரிசோதனைகளும் குறைந்தன. அந்த முடிவுகள் லேபிலிருந்து நேராகக் கணினியில் ஏறுபவை. ஆக, கொஞ்சம் வேலையும் நின்றிருக்கிறது.

பதிவேடு:
இதைத்தான் சொல்கிறேன்.

நாடிக்காரன்:
காசை நிறுத்தினால் வேலை நிற்கும் நிலைக்குக் கொண்டுவந்ததே இந்த முறைதானே? அதே 2014இல் ஒருவருக்கு மறதிநோய் இருப்பதைக் கண்டறிந்தால் கிளினிக்குக்கு 55 பவுண்டு என்றார்கள். எதிர்ப்பு கிளம்பி, சில மாதங்களில் கைவிட்டார்கள். ஸ்காட்லாந்து 2016இல் புள்ளி முறையையே தூக்கிவிட்டது.

பதிவேடு:
இங்கிலாந்து தூக்கவில்லை, 2014இல் புள்ளிகளை 559 ஆகக் குறைத்தது. நானும் அந்தக் கட்சிதான்: பட்டியலுக்கும் பரிசோதனைக்கும் காசு கொடு, பிரஷர் எண்ணுக்குக் கொடுக்காதே.