டாக்ஸிவே பேஸ்: நாளுக்கு நாள் மாறும் எல்டபிள்யூடி அளவு

தென் தமிழ்நாட்டில் ஒரு விமான நிலைய டாக்ஸிவே (விமானங்கள் ஓடுபாதைக்கு ஊர்ந்து செல்லும் பாதை) வேலை. பேஸ் அடுக்கு 250 மி.மீ. வெட் மிக்ஸ் மெக்காடம் (நீர் சேர்த்துக் கலந்த ஜல்லிக் கலவை), இரண்டு அடுக்காக உருட்டியது. மணல் மாற்று முறையில் அடர்த்தி 98 சதவீதத்துக்கு மேல். ஆனால் 10 கிலோ எடை, 300 மி.மீ. தட்டு கொண்ட எல்டபிள்யூடி-யில் (எடையைத் தட்டின் மேல் விழவிட்டு, தரை அமுங்குவதை வைத்து விறைப்பை அளக்கும் கருவி) ஒரே இடம் உருட்டிய அன்று 46 மெகாபாஸ்கல், நான்காம் நாள் 81.

தட்டுக்கடியில் மெல்லிய மணல் பரப்பியாயிற்று. எடையை மூன்று முறை போட்டுத் தட்டை அமர்த்திய பிறகே மூன்று அளவு எடுக்கிறோம். கேலிப்ரேஷன் சரி. மேல் 50 மி.மீ.-ஐச் சுரண்டி அடுப்பில் உலர்த்திப் பார்த்ததில் ஈரம் 5.8-லிருந்து 2.9 சதவீதமாக இறங்கியிருக்கிறது. விரலால் தேய்த்தால் பொடி பறக்கிறது. காயக் காய இறுகுவது புரிகிறது, ஆனால் தார் மூடிய பின் ஈரம் திரும்ப ஏறும். 81-ஐ நம்பி அடுத்த அடுக்குக்கு ஒப்புதல் தர மனம் வரவில்லை.

ஏற்பு அளவை எந்த ஈரநிலையில் எடுக்க வேண்டும் என்று உங்கள் தளங்களில் எப்படி வரையறுக்கிறீர்கள்?