தரம் 2 பிள்ளையைப் பள்ளிக்கூடம் விட்ட பிறகு எங்கே விடுவது? (கொழும்பு, கொட்டாஞ்சேனை)

வணக்கம். என் மகளுக்கு 7 வயது. கொட்டாஞ்சேனையில் ஓர் அரச தமிழ்ப் பாடசாலையில் தரம் 2 படிக்கிறாள். காலை 7.30க்குத் தொடங்கி 11.30க்கு விட்டுவிடுகிறார்கள். எனக்குக் கொழும்புக் கோட்டைப் பகுதியில் வேலை, 5 மணிக்குத்தான் முடியும். கணவருக்கு ஹோட்டலில் பகல் ஷிப்ட்.

பாடசாலையில் எனக்குக் குறை இல்லை. பாடநூல், சீருடைத் துணி, சாப்பாடு எல்லாம் இலவசம். வகுப்பு ரீச்சர் தங்கமானவர். இந்த ஐந்தரை மணித்தியாலம்தான் பிரச்சினை.

இவ்வளவு நாளும் பக்கத்து வீட்டு அம்மம்மா பார்த்துக்கொண்டார். போன மாதம் அவர் மட்டக்களப்புக்கு மகனோடு போய்விட்டார். அதிபரிடம் கேட்டேன், பின்னேரம் பிள்ளைகளைப் பார்க்க ஆட்கள் இல்லை என்றார். பெற்றார் கூட்டத்திலும் கதைத்தேன். இன்னும் நாலு தாய்மாருக்கு இதே கஷ்டம். கிட்ட உள்ள இரண்டு டேகெயாரில் 5 வயதுக்கு மேல் எடுக்க மாட்டார்களாம். மூன்றாவது இடத்தில் எடுப்பார்கள், ஆனால் என் சம்பளத்தில் பாதி போய்விடும். ஸ்கூல் வான்காரர் வீட்டு வாசலில் இறக்கிவிடுவார், ஆனால் வீட்டில் ஆள் வேண்டுமே.

இரண்டு கிழமையாக அரை நாள் லீவு போட்டே சமாளிக்கிறேன். இந்த மாதத்தோடு லீவு முடிகிறது. தனியாகப் பூட்டிவிட்டுப் போக மனம் வரவே இல்லை.

கொட்டாஞ்சேனை, புளூமெண்டல், மட்டக்குளிப் பக்கம் 7 வயதுப் பிள்ளையைப் பகல் 11.30இலிருந்து 5.30 வரை பொறுப்பாகப் பார்க்கும், தமிழ் கதைக்கும் இடமோ ஆளோ யாருக்காவது தெரியுமா?