வைக்கோல் ஒப்பந்தம் போட்டவர்கள் யாராவது இருக்கிறீர்களா?

எல்லாருக்கும் வணக்கம். திருவாரூர் பக்கம் எங்கள் உழவர் குழுவிடம் ஒரு தனியார் நிறுவனம் வந்து, உயிரி எரிவாயு எடுக்கப் போகிறோம், அறுவடை முடிந்ததும் வைக்கோலை மொத்தமாகக் கொடுங்கள் என்று பல வருட ஒப்பந்தம் கேட்கிறது. நல்ல விஷயம்தான். 2025-26 முதல் வண்டிகளுக்குப் போடும் சிஎன்ஜி எரிவாயுவிலும் வீட்டுக் குழாய் எரிவாயுவிலும் 1% உயிரி எரிவாயு கலப்பு கட்டாயம், 2028-29இல் அது 5% ஆகிறது, அதனால் கிராக்கி கூடத்தான் செய்யும்.

ஆனால் பஞ்சாபில் கொளுத்துகிற வைக்கோல் இங்கே மாட்டுத் தீவனம். நிலமில்லாத குடும்பங்கள் ஒன்றிரண்டு மாடு வைத்துப் பிழைப்பதே இதை நம்பித்தான், வயலிலேயே வைக்கோலை உருளையாகச் சுருட்டிக் கட்டும் மெஷின் வந்ததிலிருந்தே அவர்களுக்குக் கிடைப்பது குறைந்துவிட்டது. அப்புறம் வாய்மொழிக் குத்தகை. பயிர் வைத்தவர் கையில் ஒரு சீட்டுகூட இல்லாதபோது பணம் பட்டாதாரர் கணக்குக்குத்தானே போகும்?

ஒப்பந்தம் போட்டவர்கள் சொல்லுங்கள்: விலை எடைக்கா கட்டுக்கா, ஈரப்பதம் என்று கழிக்கிறார்களா, மழையில் நனைந்த கட்டு யார் தலையில்? உள்ளூர் மாடுகளுக்கு ஒரு பங்கு ஒதுக்கி ஷரத்து எழுதியிருந்தால், பெயர்களை மறைத்து நகலைப் பகிருங்கள். மாதக் கடைசியில் கூட்டம், அதற்குள் கிடைத்தால் பெரிய உதவி.