முப்பதுகளில் ஸ்டென்ட்: பில்லும் அதற்குப் பிறகும்

கேத் லேப் (ஆஞ்சியோ பார்த்து ஸ்டென்ட் வைக்கும் அறை) பணியாளர்:
முப்பதுகளில் மாரடைப்போடு வரும் ஆண்களிடம் அடிக்கடி பார்க்கும் காரணம் சிகரெட். ஆஞ்சியோவில் (இதய ரத்தக்குழாய்களைப் படம் எடுப்பது) பெரும்பாலும் ஒரே குழாயில்தான் அடைப்பு. கொழுப்புப் படிவு கொஞ்சம், ரத்தக்கட்டி அதிகம். கட்டி கரைந்தபின் சுருக்கம் 50 சதவீதத்துக்குக் கீழே இருந்து, ரத்த ஓட்டமும் நன்றாக இருந்தால் ஸ்டென்ட் (குழாயைத் திறந்து வைக்கும் கம்பி வலை) வைக்காமல் மருந்திலேயே விடுவதுண்டு. வீட்டார் "ஏன் வைக்கலை?" என்று கோபப்படுவார்கள். வைத்ததைத் திரும்ப எடுக்க முடியாது. 35 வயதுக்காரருக்கு அது இன்னும் நாற்பது வருஷம் உள்ளே இருக்க வேண்டும். கட்டி நிறைந்து, குழாய் இறுகியிருக்கும் நேரத்தில் அளவெடுத்தால் 3.5 மி.மீ. ஸ்டென்ட் வேண்டிய இடத்துக்கு 3 மி.மீ. போய்விடும். நாளாகிக் கட்டி கரைந்ததும் கம்பிக்கும் சுவருக்கும் நடுவே இடைவெளி விழும். மறுபடி ரத்தம் உறைவது அங்கேதான்.

பிரசவமாகிச் சில வாரங்களில் நெஞ்சுவலி வரும் பெண்ணை "கேஸ் ட்ரபிள்" என்று அனுப்பிவிடாதீர்கள், உடனே இசிஜி எடுங்கள். குழாய்ச் சுவர் தானாகக் கிழிந்திருக்கலாம். அதில் பலூன் ஊதினால் கிழிசல் நீளும். ஓட்டம் இருந்தால் தொடாமல் கண்காணிப்பதே பெரும்பாலும் சரி.

காப்பீட்டுப் பிரிவு:
மருந்து பூசிய ஸ்டென்டுக்கு 2017 பிப்ரவரியில் அரசு வைத்த விலை உச்சவரம்பு ரூ.29,600. திருத்தங்களுக்குப் பிறகு இப்போது 38 ஆயிரத்தைத் தாண்டிவிட்டது, ஜிஎஸ்டி தனி. பில்லில் அது தனி வரியாக, பிராண்டு, கம்பெனி, பேட்ச் எண்ணோடு வர வேண்டும். பலூன், கைடு வயர் (வழிகாட்டும் கம்பி), ஐவஸ் கதீட்டர் (குழாய்க்குள் விட்டு ஸ்கேன் பார்ப்பது) இவையெல்லாம் அந்த வரம்பில் வராது. பில் ஏறுவது இங்கேதான். பேக்கேஜ் எத்தனை ஸ்டென்டுக்கு, எத்தனை நாள் ஐசியூவுக்கு என்று எழுத்தில் வாங்குங்கள்.

கம்பெனி பாலிசி வைத்திருப்பவர்கள் ரூம் வாடகை வரம்பைப் பாருங்கள். அதைத் தாண்டிய அறை எடுத்தால் டாக்டர் கட்டணமும் அதே விகிதத்தில் வெட்டப்படும். ஸ்டென்ட், மருந்து விலையில் அந்த வெட்டு கூடாது. போட்டிருந்தால் எழுதிக் கேளுங்கள். முதல்வர் காப்பீட்டில் ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும்.

மருந்தாளுநர்:
செலவை விட நேரம்தான் உயிரைத் தீர்மானிக்கிறது. தமிழ்நாட்டில் 2023 முதல் 'இதயம் காப்போம்' திட்டத்தில் மாரடைப்பு அறிகுறியோடு வருபவருக்கு ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே 14 மாத்திரை தருகிறார்கள்: ஆஸ்பிரின் 150 மி.கி. இரண்டு, குளோபிடோக்ரல் 75 மி.கி. நான்கு, அட்டோர்வாஸ்டாடின் 10 மி.கி. எட்டு. பெரிய ஆஸ்பத்திரி தூரம் என்றால் முதலில் அங்கே போங்கள்.

மாரடைப்புக்கு ஸ்டென்ட் வைத்தால் ரத்தம் உறையாமல் தடுக்கும் இரண்டு மருந்தும் (ஆஸ்பிரினும் இன்னொன்றும்) வழக்கமாக ஒரு வருஷம். அந்த இன்னொன்று டைகாக்ரெலார் என்றால் 90 மி.கி. காலை, இரவு என இரண்டு வேளை. சிலருக்கு மூச்சு வாங்கும். இதயம்தான் கெட்டுவிட்டது என்று பயந்து தாங்களாகவே நிறுத்துகிறார்கள். நிறுத்தாமல் டாக்டரிடம் சொன்னால் வேறு மருந்துக்கு மாற்றுவார். பல் பிடுங்குவதற்காக நிறுத்துவதும் ஆபத்து. முதல் மாதத்தில் ஸ்டென்ட் அடைத்துக்கொண்டால் அது இன்னொரு மாரடைப்பு.

கேத் லேப் பணியாளர்:
ஒன்று விட்டுப்போச்சு. சர்க்கரையும் இருந்து மூன்று குழாயும் அடைத்திருந்தால் சிறு வயதிலும் பெரும்பாலும் பைபாஸ்தான் நல்லது. பைபாஸில் இணைப்பாகப் போடும் நெஞ்சுத் தமனி பத்து வருஷம் கழித்தும் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் திறந்திருக்கும். காலில் இருந்து எடுத்துப் போடும் ரத்தக்குழாயில் (சிரை) பாதிக்குப் பாதி அடைத்துவிடும். எத்தனை இணைப்பு தமனியில் போட முடியும் என்று சர்ஜனிடம் கேளுங்கள். எல்டிஎல் (கெட்ட கொழுப்பு) 190க்கு மேல் என்றால் கூடப்பிறந்தவர்கள், பிள்ளைகள் எல்லாருக்கும் இந்த வாரமே ரத்தம் எடுங்கள்.